முருகைக்கல்லில் எழுதிய வரலாறு

ஒரு நாட்டின் பழமையைக் காணப் புறப்படுவோர் பெருங்கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனை இடிபாடுகளையுமே நாடிச் செல்கின்றனர். கோபுரத்தின் உயரத்தை வியக்கின்றனர். கல்வெட்டைப் படித்துக் கட்டுவித்தவன் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்கின்றனர். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் கட்டுவித்தவன் பெயர் தெரிந்ததும் கட்டடத்தின் வரலாறே தெரிந்துவிட்டதாக எண்ணி அமைதியடைவது, பாதி நூலைப் படித்துவிட்டு மூடிவைப்பதற்கு ஒப்பாகும்.

"மன்னார்க் கோட்டையைக் கட்டியோர் யாவர்?" என்று வினாத்தாள்களிற் கேட்கிறோம். "போர்த்துக்கேயர், 1560" என்று மாணவன் எழுதுகிறான். விடை சரியானதே, புள்ளியும் உண்டு. எனினும், கடலிலிருந்து கல்லெடுத்தவனும், சூளையிற் சுண்ணாம்பு சுட்டவனும், பனைமரத்தைத் தறித்துத் தோளிற் சுமந்தவனும் அந்த விடையில் எங்கே இருக்கின்றனர்? அவர்களை வெளிநாட்டார் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. அவர்கள் இத்தீவின் மக்கள். எதிர்க்கரையாகிய பாண்டிநாட்டுக் கரையின் மக்கள். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஏட்டில் இடம்பெறாதவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்கள் கைபட்ட பொருள்களிலேதான் தேடவேண்டும். அவ்வகையில் மன்னார்க் கரையின் பழைய சிறுகோயில்களைப் போன்ற சான்று வேறொன்று இல்லை. கோயில் என்று நாம் இங்கே கூறுவது கிறித்தவ ஆலயத்தையே. மன்னார்க் கத்தோலிக்க மக்கள் தம் வழிபாட்டிடத்தைக் கோயில் என்றே வழங்குவர். நாமும் அவர்கள் வழக்கையே மேற்கொள்வோம்.

கீரியிலிருந்து கோட்டைக்கு

கீரி மன்னார் நகரை அடுத்த கடற்கரைச் சிற்றூர். மணலும், பனையும், கரையேற்றிய வள்ளங்களும், காய்கின்ற வலைகளும் அதன் தோற்றம். அங்கிருந்து ஒருபுறம் நகரத்தையும் கோட்டையையும், மறுபுறம் தோட்டவெளியையும் எளிதில் அடையலாம். அதற்கப்பால் தலைமன்னார் வீதி எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்களின் திசையாகவும், பேசாலை முதலிய கத்தோலிக்க ஊர்களின் வழியாகவும் செல்கிறது. இச்சிறிய நிலப்பரப்பில் ஐந்நூறு ஆண்டு வரலாறு நெருங்கிக் கிடக்கிறது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பர்; அவ்வரலாறு ஐரோப்பியர் வருகைக்கும் முந்தியது.

விடுமுறை நாளொன்றில் உயர்வகுப்பு மாணவர் சிலரோடு இவ்வழியே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதலிற் கோட்டையைக் கண்டோம். நான்கு மூலைகளிலும் கொத்தளங்களைக் கொண்ட சதுரக் கோட்டை, சுற்றிலும் அகழி. 1560இற் போர்த்துக்கேயர் அமைத்ததை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்கள் அதனைத் திருத்திக் கட்டிய வேலை 1696இல் முற்றுப்பெற்றது. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன் உள்ளே கூரையிழந்து, சுவர்கள் மட்டும் எஞ்சிய நிலையில் ஒரு சிற்றாலயம் நிற்கிறது. மாணவன் ஒருவன் சுவரைச் சுற்றிச்சுற்றி வந்து, "சேர், இதிலே ஒரு பேரும் எழுதியில்லையே!" என்றான். எழுத்தைத் தேடும்படி அவனைப் பழக்கியிருக்கிறோம். எழுத்தின் இடத்திற் கல் இருந்தது. உதிர்ந்த சாந்தின் கீழே தேன்கூட்டைப் போலத் துளைதுளையாய்த் தெரிந்த முருகைக்கல்லை அவனுக்குக் காட்டினேன். இச்சுவரைப் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கட்டடத்தின் இலக்கணம்

இக்கரையின் பழைய கோயில் எளிய வடிவினது. நீண்ட செவ்வக மண்டபம். முன்னே முக்கோண வடிவில் உயர்ந்த முகப்பு. அதில் வளைந்த தலைவாசல். உள்ளே மண்டபத்தின் இறுதியில் பீடம் அமைந்த பகுதி. அப்பகுதியையும் மக்கள் நிற்கும் பகுதியையும் பிரிக்கும் ஒரு பெருவளைவு. யாழ்ப்பாணத்துச் சங்கானையில் இடிந்து நிற்கும் பழைய கோயிலிலும் இவ்வமைப்பைக் காணலாம். ஒல்லாந்தப் போதகராகிய பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணப் பகுதிக் கோயில்கள் பலவற்றைப் படமாக வரைந்து சேர்த்தார். அப்படங்களிலும் பெரும்பாலும் இதே எளிய மண்டபமும், அதனை அடுத்த வீடும், சூழ்ந்த மரங்களுமே காணப்படுகின்றன. தமிழ் நெடுங்கணக்கையும் தமிழ்ச் செபத்தையும் தம் நூலிற் சேர்க்கும் அளவுக்கு நம் மொழியில் ஆர்வங்கொண்டிருந்தார் அவர்.

இவ்வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று கூறிவிட்டால் போதுமா? முகப்பின் வடிவமும் வளைவின் வடிவமும் அங்கிருந்து வந்தவைதாம். ஆனால் கட்டடத்தின் அளவையும் உறுதியையும் தீர்மானித்தவை இம்மண்ணின் பொருள்கள். சுவருக்குச் சுவர் தாங்கி நிற்கக்கூடிய மரத்தின் நீளத்திற்கு ஓர் எல்லை உண்டு. இங்கே கிடைத்த உறுதியான மரம் பனை. வைரமேறிய பனையின் நீளம் எவ்வளவோ அவ்வளவே மண்டபத்தின் அகலம். மக்கள் பெருகியபோது கோயிலை அகலமாக்க முடியவில்லை, நீளமாக்கவே முடிந்தது. ஆகவேதான் இத்தகைய கோயில்கள் ஒடுங்கியும் நீண்டும் காணப்படுகின்றன. வெளிநாட்டுப் பாதிரியார் மனத்தில் எத்தகைய பேராலயத்தின் நினைவு இருந்தபோதிலும், பனைமரம் அவருக்கு விடை கூறிவிட்டது.

வளைவுக்கும் அவ்வாறே காரணம் உண்டு. முருகைக்கல் பாரத்தைத் தாங்கும், வளைப்பைத் தாங்காது. கருங்கல்லை வாசலின் மேல் உத்தரமாகக் கிடத்துவது போல இதனைக் கிடத்தினால் நடுவே முறிந்துவிடும். ஆனால் சிறுசிறு கற்களை வளைவாக அடுக்கினால், மேலுள்ள பாரம் கல்லுக்குக் கல் அழுத்தமாக இறங்கிச் சுவரைச் சேர்கிறது. நொய்ந்த கல்லும் பெரும்பாரத்தைத் தாங்கிவிடுகிறது. அந்த வளைவு பக்கங்களை உதைத்துத் தள்ளும். அவ்வுதைப்பை ஏற்பதற்காகவே சுவர்கள் பருமனாக எழுப்பப்பட்டன. சாளரங்கள் சிறியனவாயிருப்பதும் சுவரின் வலிமை குன்றாதிருக்கவே. சோளகமும் வாடையும் மாறிமாறி அறையும் இத்தீவில், உயர்ந்து நிற்பதைக் காட்டிலும் ஊன்றி நிற்பதே அறிவுடைமை என்பதை எமது கொத்தர் அறிந்திருந்தனர்.

கல்லும் நீறும்

முருகைக்கல் கடலில் விளைவது. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தம் உடலிலிருந்து சுண்ணம் சுரந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய பார் அது. வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக் கடல்களில் இத்தகைய பார்கள் உள்ளன. கடலிலிருந்து எடுத்த ஈரக்கல்லைக் கோடரியாலும் செதுக்கிவிடலாம். உலர உலர அது இறுகும். எடை குறைந்ததாதலால் வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்ப்பதும் எளிது. மலையும் கருங்கல்லும் இல்லாத மணற்றீவில் வாழ்ந்த மக்கள், தம் கட்டடத்துக்கு வேண்டிய கல்லையும் மீனைப் போலவே கடலிலிருந்து எடுத்தனர்.

சுண்ணாம்பும் அவ்வாறே. முருகைக்கல்லின் துண்டுகளையும் சிப்பி ஓடுகளையும் சூளையிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணலோடு கலந்து, நாட்கணக்காக இடித்துக் குழைத்தனர். கடுக்காய் ஊறிய நீரையும் பனங்கட்டி கரைத்த நீரையும் சாந்துக்குச் சேர்ப்பது தமிழர் கட்டடக்கலையில் நெடுங்காலம் நிலவிய முறை. இடிக்கும் வேலையிற் பெண்களின் உழைப்பும் கலந்திருந்தது. இன்று நாம் ஒரு கோயிலின் சுவரைத் தொடும்போது, கடல், சூளை, பனங்காடு, உரல் ஆகிய நான்கு இடங்களிற் சிந்திய வியர்வையைத் தொடுகிறோம்.

இங்கே மொழியும் நமக்குச் சான்று பகர்கிறது. சுவர், தூண், வளை, கூரை, ஓடு, சுண்ணாம்பு, சாந்து, கொத்தன், தச்சன் என்பன தமிழ்ச்சொற்கள். சன்னல், சாவி, மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. குருசும் பாதிரியும் அவ்வழி வந்தவையே. அதாவது, கட்டடத்தைத் தாங்கி நிற்பவற்றின் பெயர்கள் எமக்குப் பழையவை. கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்தவற்றின் பெயர்கள் புதியவை. சுவர்களுக்கு இடையே குறுக்கே கிடக்கும் தீராந்தி மட்டும் இதற்கு விலக்கு. அச்சொல் போர்த்துக்கேயத் தச்சரிடமிருந்து எம் தச்சர் பெற்றது. ஒரு சிறந்த முறையைக் கண்டபோது அதனை வெறுக்காது ஏற்று, சொல்லையும் தமதாக்கிக்கொண்டனர். உழைப்பாளிகளிடையே இத்தகைய கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. ஆள்வோரிடையே நிகழ்ந்தது வேறு. அதனை இனிக் காண்போம்.

1544

தோட்டவெளிக் கோயில் வேதசாட்சிகளின் நினைவைத் தாங்கி நிற்பது. 1544ஆம் ஆண்டு, தமிழகத்து முத்துக்குளித்துறையிற் பிரான்சிஸ் சவேரியார் பணிபுரிந்த காலத்தில், மன்னார்த் தீவின் மக்கள் அவரை அழைத்தனர். அவர் தாம் வர இயலாமல் ஒரு குருவானவரை அனுப்பினார். அறுநூறு எழுநூறு பேர் திருமுழுக்குப் பெற்றனர். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னனாகிய சங்கிலியின் ஆணையால் அவர்கள் வாளுக்கு இரையாயினர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இருவகைக் கதைகள் வழங்குகின்றன. ஒன்று, கொடுங்கோலன் ஒருவன் மதவெறியாற் செய்த கொலை என்பது. மற்றொன்று, அந்நியனுக்கு உளவாளிகளாகிய துரோகிகளை மன்னன் தண்டித்தான் என்பது. இரண்டும் மன்னனைப் பற்றிய கதைகளேயன்றி மாண்டவர்களைப் பற்றிய கதைகள் அல்ல.

மன்னனின் அச்சம் வீணானதன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் எதிர்க்கரைப் பரதவர், தம் கடற்றொழிற் போட்டியில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். திருமுழுக்கோடு முத்துவளமும் போர்த்துக்கேயர் கைக்குச் சென்றதை மன்னன் அறிவான். மன்னாரும் சென்றுவிட்டால், முத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வரும் வருவாய் சென்றுவிடும். ஆனால் அவன் வாள் கப்பல்களின் மீது விழவில்லை. பீரங்கி வைத்திருந்தவர் மீதும் விழவில்லை. வள்ளமும் வலையும் மட்டுமே உடையவர் மீது விழுந்தது.

மறுபக்கத்தையும் காண்போம். அம்மக்களின் பாதுகாவலர் என்று கூறிக்கொண்டோர் யாது செய்தனர்? மன்னன் மீது படையெடுக்கவேண்டும் என்று சவேரியார் வற்புறுத்தினார். படையும் ஆயத்தமாயிற்று. 1545இல் அவர் நாகப்பட்டினத்திற் காத்திருந்தார். அவ்வேளையிற் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நின்றது. அதன் சரக்குகளை மன்னன் கைப்பற்றினான். சரக்கு மீளும்வரை மன்னனைப் பகைக்கக் கூடாதென்று படையெடுப்புக் கைவிடப்பட்டது. அறுநூறு உயிர்களின் விலை ஒரு கப்பற் சரக்கின் விலைக்குக் கீழ்ப்பட்டது. பின்னர் 1560இல் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா படையோடு வந்தபோது, மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று, கோட்டை எழுந்தது, புன்னைக்காயலிலிருந்து பரதவர் இங்கே குடியேற்றப்பட்டனர். முத்துப்பார்களைக் காக்க மக்களும் வேண்டும் அல்லவா?

அக்குடியேற்றத்தோடு வந்த ஒருவரை மட்டும் தமிழ் மாணவர் நன்றியோடு நினைப்பர். முதன்முதலில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்டவராகிய அண்டிரிக் அடிகளார் மன்னாரிலும் சிலகாலம் வாழ்ந்து பணிபுரிந்தார். 1578இற் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடையதே. மக்களின் மொழியைக் கற்று மக்களின் மொழியிற் பேசிய அவ்வழி, வாளின் வழியையும் சரக்கின் வழியையும்விட நெடுங்காலம் நிலைத்தது.

1544இல் மாண்டவர்களிலே ஓரிருவரைத் தவிர ஏனையோரின் பெயரை நாம் அறியோம். அவர்கள் எந்த அரசின் வெற்றிக்காகவும் மாளவில்லை. இரு அரசுகளின் கணக்குப் புத்தகங்களுக்கு இடையே நசுங்கி மாண்டனர். தோட்டவெளியின் மணலில் நிற்கும்போது நாம் நினைக்கவேண்டியது இதுவே.

பீடம் மாறியது, சுவர் மாறவில்லை

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். மன்னார்த் தீவில் ஏழு கோயில்கள் இருந்தனவென்று பல்தேயஸ் எழுதியுள்ளார். தோட்டவெளி, கரிசல், பேசாலை, தலைமன்னார் முதலிய ஊர்களில் அவை இருந்தன. ஒல்லாந்தர் அவற்றை இடிக்கவில்லை. சுருவங்களை அகற்றித் தம் மதத்துக்கு உரியனவாக்கினர். கோயிலே பள்ளிக்கூடமாயிற்று, பள்ளிக்கூடத்தின் தோம்பிலே பிறப்பும் மணமும் பதிவாயின. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அதே 1658இற் கட்டளை பிறந்தது.

இதன் பின்னர் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஒரு விந்தை நிகழ்ந்தது. மக்கள் தம் கையாற் கட்டிய கோயில் அரசிடம் இருந்தது. மக்களின் வழிபாடோ கோயிலின்றி இருந்தது. மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் மாதாவின் சுருவத்தைச் சுமந்துகொண்டு 1670இற் காட்டுக்குட் சென்றனர் என்பது மரபு. அவர்கள் தங்கிய மருதமடு இன்று இலங்கை முழுவதும் அறிந்த திருத்தலம். 1687இற் கோவையிலிருந்து வந்த யோசே வாஸ் அடிகளார் மாறுவேடம் பூண்டு இரவிலே மக்களைச் சந்தித்தார். சுவரும் கூரையும் இல்லாமலே ஒரு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள முடிந்தது. 1806இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிய பின்னரே பழைய ஊர்களில் மீண்டும் வெளிப்படையாக மணி ஒலித்தது.

ஆட்சி மாறியபோதும் மாறாதிருந்தது ஒன்று உண்டு. அது முத்துக்குளிப்பாளியின் பங்கு. ஆங்கிலேயர் காலத்தில், மூச்சையடக்கிக் கடலடிக்குச் சென்று அவன் கொண்டுவந்த சிப்பிகளில் மூன்றிலொரு பங்கே அவனைச் சேர்ந்தது. மூன்றிலிரு பங்கு அரசுக்குரியது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே முத்துப்பார்கள் இலண்டன் கம்பெனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டன; சில ஆண்டுகளிற் பார்களும் வற்றின, கம்பெனியும் முறிந்தது. எஞ்சியவர் கரையிலிருந்த மக்களே.

இத்தொடர்பில் அரிப்பிலுள்ள ஒரு கட்டடத்தை ஒப்புநோக்குதல் பயனுடையது. ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குவதற்காக 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கத் தூண்களைப் பின்பற்றியமையால் டொரிக் மாளிகை எனப் பெயர் பெற்றது. செங்கல்லாற் கட்டிச் சிப்பிச் சுண்ணாம்பு பூசிய அம்மாளிகை அக்காலத்து இலங்கையின் அழகிய கட்டடங்களுள் ஒன்றாகப் புகழப்பட்டது. இன்று கடல் அரித்த மேட்டின் விளிம்பில் அதன் சிதைவுகளே நிற்கின்றன. அதே சுண்ணாம்பும் அதே கடற்காற்றும் உள்ள கரையிற் பழைய சிறுகோயில்கள் நெடுங்காலம் நிலைத்தது எவ்வாறு? ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன்னர் ஊரார் கூடி வெள்ளையடித்ததும், பழுதான ஓட்டை மாற்றியதும்தான் காரணம். ஆளுநர் போனதும் மாளிகைக்கு ஆளில்லை. கோயிலுக்கு ஊர் இருந்தது. ஒரு கட்டடத்தை நிலைநிறுத்துவது கல்லின் உறுதி மட்டுமன்று. அதனைத் தமதென்று கருதும் மக்களின் உறவுமாகும்.

அவ்வுறவு வெள்ளையடிப்பதோடு நின்றுவிடவில்லை. கோயில் முற்றத்திலே வாசகப்பாக்களும் நாட்டுக்கூத்துகளும் வளர்ந்தன. பேசாலையின் உடக்குப் பாஸ் அவ்வகையிற் புகழ் வாய்ந்தது. 1966இற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மூவிராசாக்கள் வாசகப்பாவைப் பதிப்பித்தபோது, மன்னார் மக்களின் கலை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறியது. முருகைக்கற் சுவருக்கு உள்ளே இலத்தீன் ஒலித்த காலத்திலும், சுவருக்கு வெளியே தமிழே ஆடியது, தமிழே பாடியது.

இன்றைய கடமை

அண்மைக்காலப் போர் இக்கோயில்களுக்கு மற்றொரு பொருளைத் தந்தது. உயிருக்கு அஞ்சிய மக்கள் ஓடிப் புகுந்த இடம் கோயிலே. அவ்விடமும் அவர்களைக் காக்கவில்லை. 1985 சனவரியில் வங்காலையில் மேரி பஸ்தியான் அடிகளார் கொல்லப்பட்டார். 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதளவில் மாண்டனர். 2006 யூனில் பேசாலைக் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. இவற்றைக் கூறும் நாம், 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுர முஸ்லிம் மக்கள் உள்ளிட்ட வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வீடும் வள்ளமும் பள்ளிவாசலும் விட்டுத் துரத்தப்பட்டதை மறைத்தல் அறமாகாது. எம் அயலவரின் பள்ளிவாசற் சுவரிலும் இதே கடலின் கல்லும் இதே சூளையின் நீறும் இருக்கின்றன. ஒரு சுவரின் துயரை மட்டும் நினைப்பது வரலாறன்று, வழக்குரைஞன் வாதம்.

2018இல் மன்னார் நகரிற் சதொசக் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. 2019இல் வந்த அமெரிக்க ஆய்வுகூட அறிக்கை, அனுப்பிய மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்றது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார் அதனால் ஆறுதல் பெறவில்லை. மேலும் ஆராயவேண்டும் என்றே கேட்டனர். அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. எக்காலத்தவராயினும் அங்கே கிடந்தோர் பெயரற்றோர். இம்மண்ணில் மக்களைப் பெயரின்றிப் புதைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை அக்குழி காட்டிற்று.

இத்தகைய மண்ணில், பெயரற்றோர் விட்டுச்சென்ற சான்றுகளை நாமே அழிப்பது இருமடங்கு பிழை. இன்று பழைய கோயில்களுக்குப் பகைவர் வாளும் எறிகணையும் அல்லர். எம் நல்லெண்ணமே பகை. ஊரிற் பணம் சேர்ந்தவுடன் பழையதை இடித்துவிட்டுப் பெரியதாக எழுப்ப விரும்புகிறோம். இடிக்காது விட்டாலும், சுவர் உதிர்கிறதென்று சீமெந்து பூசிவிடுகிறோம். இது மருந்தன்று, நஞ்சு. முருகைக்கல் நிலத்தின் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அவ்வீரத்தை வெளியே விடும். உப்பு சாந்திற் பூத்து, சாந்து உதிரும். அடுத்த ஆண்டு மீண்டும் பூசினால் கல் பிழைத்துக்கொள்ளும். தான் உதிர்ந்து கல்லைக் காப்பதே அச்சாந்தின் தொழில். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பு கல்லுக்குள்ளேயே பூக்கிறது. வெளியே பளபளக்கும் சுவரின் உள்ளே கல் மாவாகிறது. பின்னர் ஒருநாள் எல்லாம் ஒருங்கே சரிகின்றன.

இழந்த சுவரை மீண்டும் கட்டவும் முடியாது. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அத்தடை முற்றிலும் நியாயமானது. கரையைக் காப்பதும் மீனுக்கு உறைவிடமாவதும் அப்பார்களே. ஆகவே, எஞ்சிய பழைய சுவர்களே கடைசிச் சுவர்கள். எதிர்க்கரையைப் பார்ப்போம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் முருகைக்கற் கோயிலின் சுவர்கள் மட்டும் மணலில் நிற்கின்றன. அவ்வூரில் வாழ்ந்தோர் யாவர் என்று கேட்போருக்கு இன்று அச்சுவர்களே விடைசொல்கின்றன.

செய்யவேண்டியது பெருஞ்செலவினதன்று. பங்கு மக்கள் சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்கட்டும். பழைய முறையறிந்த முதிய கொத்தரிடமிருந்து இளைஞர் அத்தொழிலைக் கற்கட்டும். பாடசாலைகள் தம் மாணவரை அனுப்பி, ஒவ்வொரு பழைய கோயிலின் நீள அகலத்தையும் வளைவையும் முகப்பையும் அளந்து வரையச் செய்யட்டும். ஊர் முதியோரின் நினைவுகளை எழுதிவைக்கட்டும். கோயிலென்றும் பள்ளிவாசலென்றும் சைவாலயமென்றும் இதில் வேறுபாடு வேண்டா. 1913இல் ஜே. பி. லூயிஸ் இலங்கையிலுள்ள ஐரோப்பியரின் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து நூலாக்கினார். ஒரு கல்லறை எழுத்தும் பெறாத எம் முன்னோருக்கு, அவர்கள் எழுப்பிய சுவர்களின் வரைபடமாவது தொகுப்பாக வேண்டாமா?

மன்னார்க் கோட்டையைக் கட்டியோர் யாவர் என்ற வினாவை நாம் தொடர்ந்து கேட்கலாம். போர்த்துக்கேயர் என்ற விடைக்குப் புள்ளியும் வழங்கலாம். ஆனால் வினா அங்கே முடிந்துவிடக் கூடாது. கல்லை எடுத்தது எந்தக் கடல், சுண்ணாம்பைச் சுட்டது எந்தக் கை, அவ்வுழைப்பின் பயனில் எத்தனையிலொரு பங்கு அக்கைக்குத் திரும்பிவந்தது என்று அடுத்த வினாவையும் கேட்கும் மாணவர் தலைமுறையை உருவாக்குவோம். அவ்வினாவுக்குரிய விடை ஏட்டில் இல்லாவிடினும், கீரி முதல் தலைமன்னார் வரை கரையோரத்துச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. அச்சுவர்கள் நிற்கும்போதே அதனைப் படித்துவிட வேண்டும்.